குறி முக்கியமில்லை

"இருக்கிறதிலேயே சீப்பான கைத்துப்பாக்கி எது தம்பி?" என்று கேட்டார் கார்மேகம்.

ஷார்ஜாவின் அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில் பெபின்தான் பயிற்சியாளன். "பாயிண்ட் டூ டூ எடுங்க அண்ணாச்சி. தோட்டாவும் சல்லிசு, சத்தமும் கம்மி."

"சத்தம் கம்மியா? வேண்டவே வேண்டாம்!"

"அப்ப நைன் எம்.எம். தோட்டா விலை கூட. புதுசா சுடுறவங்களுக்குக் குறி தப்பும்."

"குறி கிடக்கட்டும். இன்னைக்குச் சுட்டே ஆகணும்!"

பின்னால் அவருடைய புது மனைவி ஜோதிமணி அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள். பெபின் அவளையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தான். பக்கத்திலேயே நின்று சுடவைத்தான்.

பத்துத் தோட்டாவும் சுவருக்கே போயின; குறி அட்டையில் ஒரு கீறல் இல்லை. ஆனால் ஜோதிமணியோ, காதில் மாட்டிய கவசத்தையும் கையால் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் குதித்துச் சிரித்தாள்.

கார்மேகம் புதுச்சட்டைக் காலரின் மஞ்சளைக் காட்டினார். "தலைதீபாவளி தம்பி. ஊருக்குப் போக லீவு கிடைக்கலை. இங்க வெடி போட்டா போலீஸ் வரும். காலையிலேர்ந்து ஒரே அழுகை!"

ஜோதிமணி பெபினிடம் முறுக்கை நீட்டினாள்.

"அண்ணே, சரவெடி மாதிரி படபடன்னு வெடிக்கிறது ஏதாச்சும் இருக்கா?"