படத்தின் ஓரம்

லென்ஸ் ஒன்றுதான். கமெராக்கள்தான் இரண்டு.

பெரகலவிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் பாதையில், ஒரு வளைவில் காரை ஓரம்கட்டி, அதன் பொனட்டில் துவாயை விரித்து இரண்டையும் வைத்திருந்தான் பார்த்தீபன்.

கொண்டுவந்தவர் பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் ஷுக்ரி. இன்றைக்குள் ஒன்றைத் தெரிவு செய்யாவிட்டால் நாளை வேறொருவர் பார்க்க வருகிறார் என்று சொல்லிவிட்டார். எல்லாக் கடைக்காரர்களுக்கும் இப்படி ஒரு வேறொருவர் இருக்கிறார்.

பார்த்தீபன் பதுளை மாவட்டக் கச்சேரியில் அரசாங்கக் கணக்காளர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த பிறகுதான் இந்தப் பறவைப் பைத்தியம் பிடித்தது. மனைவி சுலோஜனா தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஓர் ஆசுபத்திரியில் டொக்டர். கிடைத்த லீவு நாளையும் இதற்குக் கொடுத்துவிட்டு, காருக்குள் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

சின்ன சென்சாரில் தூரத்துக் குருவியும் பெரிதாக வரும் என்று ஷுக்ரி விளக்கினார். பெரிய சென்சாரில் அவ்வளவு கிட்ட வராது, ஆனால் மஞ்சு மூடி வெளிச்சம் குறைந்தாலும் படம் மணல் மணலாகப் பொரிந்து போகாது. ஒன்றில் கிட்ட, மற்றதில் சுத்தம். இரண்டும் ஒன்றாக வேண்டுமென்றால் இன்னும் பெரிய லென்ஸும் அதைத் தூக்க ஓர் ஆளும் வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார்.

பார்த்தீபனுக்கு இதெல்லாம் மனப்பாடம். பல மாதங்களாக இரவுச் சாப்பாட்டோடு சுலோஜனாவுக்கும் இதைத்தான் ஊட்டி வருகிறான்.

அப்போதுதான் வளைவுக்குக் கீழே ஓடிய ஓடைக்கு அந்தப் பக்கம் நின்ற யூக்கலிப்டஸ் மரத்தில் தேன் பருந்து வந்து இறங்கியது.

கொப்பில் முறம் அகலத்துக்கு ஒரு தேன்கூடு தொங்கியது. பருந்து அதில் காலை ஊன்றிப் பிய்த்தது.

இந்தக் காட்சிக்காக அவன் எத்தனையோ விடியற்காலைகளில் குளிரில் நின்றிருக்கிறான். ஒருநாளும் கிடைத்ததில்லை.

முதலில் சின்ன சென்சார். பருந்து படம் முழுக்க நிறைந்து நின்றது. மஞ்சள் கண், நகத்தில் மாட்டிய அடைத் துண்டு, கழுத்து இறகில் மொய்த்த தேனீக்கள் எல்லாம் தெரிந்தன. பொத்தானில் வைத்த விரலை எடுக்காமல் படமெடுத்தான்.

பிறகு ஆற அமர லென்ஸைக் கழற்றி, துடைத்து, பெரிய கமெராவில் பூட்டினான். பருந்து போகவில்லை. பறந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் பிய்த்தது.

இந்தத் தடவை பறவை சிறிதாக வந்தது. சுற்றிலும் வீண் இடம். மரத்துக்குப் பின்னால் ஏறும் தேயிலைச் சரிவும் படத்தின் கீழ் ஓரத்தில் மங்கலாக விழுந்திருந்தது. அந்த ஓரத்தில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள்.

சென்சாரில் தூசி என்று ஷுக்ரியிடம் குறைப்பட்டான். அவருக்கு ரோசம் வந்துவிட்டது. நேற்றுத்தான் தன் கையால் துடைத்ததாகச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

மத்தியஸ்தத்துக்குச் சுலோஜனாவை எழுப்பினார்கள்.

அவள் அரைத்தூக்கத்தில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஒவ்வொரு படத்திலும் புள்ளிகள் வெவ்வேறு இடத்தில் இருந்தன. சென்சாரில் ஒட்டிய தூசி இடம் மாறாது. அது பார்த்தீபனுக்கும் தெரியும். அவன் பருந்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

செடிகளுக்கு நடுவே நீலமும் சிவப்புமாகக் கிடந்தவற்றைத் தொட்டு, இவை என்ன என்று கேட்டாள்.

"கொழுந்து மூட்டையள். ஓரத்தை வெட்டிவிடலாம்" என்றான் பார்த்தீபன்.

சுலோஜனாவின் தூக்கம் கலைந்தது.

கொழுந்து மூட்டையை யாரும் செடிகளுக்கு நடுவே போட்டுவைப்பதில்லை. நிறுப்பதற்குப் பாதையோரம் கொண்டுவந்துவிடுவார்கள். தோட்டத்தில் இந்த மலைத்தேனீக்கும் குளவி என்றுதான் பெயர். கூடு கலைந்தால் ஓடக் கூடாது, இடுப்பில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் படங்கை அவிழ்த்துத் தலையோடு மூடிக்கொண்டு குப்புறப் படுத்துவிட வேண்டும் என்று வார்டில் ஒரு பெண் அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். கொட்டு வாங்கி வீங்கிய வாயால் சொன்னாள்.

படத்தைப் பெரிதாக்கினாள். புள்ளிகள் தேனீக்கள். நீல மூட்டைக்கு வெளியே ஒரு கால் தெரிந்தது.

சரிவைப் பார்த்தார்கள். வெறும் கண்ணுக்குத் தேயிலைதான் தெரிந்தது. பாதையில் ஒரு லொறி கியர் மாற்றி ஏறிக்கொண்டிருந்தது. அதைத் தவிர வேறு சத்தம் கேட்கவில்லை.

சுலோஜனா வார்டுக்குப் பேசினாள். குளவி கேஸ் வரும், கட்டில்களை ஒதுக்குங்கள், ஊசி மருந்தை எடுத்து வையுங்கள், அம்புலன்ஸை உடனே அனுப்புங்கள் என்றாள். எந்தத் தோட்டம், எந்தப் பாதை என்பதை ஷுக்ரி போனை வாங்கிச் சொன்னார்.

அவள் சாரதி இருக்கையில் ஏறினாள். ஷுக்ரி பின்னால் ஏறினார். பார்த்தீபன் இரண்டு கமெராக்களையும் துவாயோடு வாரிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

அந்தச் சரிவை நோக்கிக் காரைத் திருப்பியபடியே கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"எவ்வளவு நேரமா எடுத்துக்கொண்டு நிண்டனீங்கள்?"

அவன் மடியிலிருந்த சின்னக் கமெராவை எடுத்து, முதலில் எடுத்த படங்களில் எங்காவது நீலமோ சிவப்போ தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடினான்.

எல்லாப் படங்களிலும் பருந்து மட்டும்தான் இருந்தது.