சகலையின் ஸ்டெப்னி

என் பழைய வண்டி காலையில் மக்கர் செய்தது. விஷயம் கேள்விப்பட்ட சகலை, வீடு தேடி வந்து தன் புதுக் காரின் சாவியை நீட்டினார்.

"இன்டர்வியூவுக்குப் போறீங்க, இதுலயே ஜம்முனு போங்கண்ணே!"

"மனுஷன்னா இவர் மனுஷன்!" என்றாள் என் மனைவி.

எனக்குக் காதில் புகை வந்தது. தங்கை புருஷன் தும்மினால்கூட இவளுக்கு அழகுதான்!

பாதி வழியில் டயர் பஞ்சர். இன்டர்வியூவுக்கு இன்னும் அரை மணி நேரமே இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு. சகலைக்குப் போன் போட்டேன்.

"கவலைப்படாதீங்கண்ணே! டிக்கியில ஸ்டெப்னி இருக்கு. பத்தே நிமிஷ வேலை."

"இல்லையே, அந்த இடம் காலியா இருக்கு" என்றேன், டிக்கியைத் திறக்காமலே.

"காலியா? எந்த வயித்தெரிச்சல் பிடிச்சவன் வேலைண்ணே இது? நடுரோட்டுல நான் திண்டாடணும்னே எடுத்திருக்கான். பாருங்க, அவன் உருப்படவே மாட்டான்!"

மணியைப் பார்த்தேன். சாபம் அதற்குள் பலிக்கத் தொடங்கியிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கழற்றிய அந்த ஸ்டெப்னி, என் வீட்டுப் பரணில் பழைய போர்வைக்குள் பத்திரமாக இருக்கிறது.