ஞாயிற்றுக்கிழமை நீளுகிற கூடம்

கிட்டே வாருங்கள், கண்ணுகளே. காலை நீட்டிக்கொண்டாலும் தப்பில்லை. ஒரு வகுப்பறைக் கதை வைத்திருக்கிறேன். கையில் இருக்கிற டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

சுவரில் பெரிய சார்ட் தொங்கியது. மேலே பல வண்ணத்தில் தலைப்பு: 'எங்கள் வீட்டில் எத்தனை அடி?' கீழே முப்பத்திரண்டு கட்டங்கள். முப்பத்தொன்றில் தாள் ஒட்டியாயிற்று. ஒரு கட்டம் மட்டும் காலி.

சாயங்காலம் பெற்றோர் எல்லோரும் பார்க்க வருகிறார்கள்.

காலிக் கட்டம் பொடிசுடையது. வகுப்பிலேயே சின்ன உருவம், அதனால் அந்தப் பெயர். வருடம் பிறந்ததிலிருந்து வீட்டுப்பாடமே எழுதி வராதவள், இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பெஞ்சில் சாயாமல், விளிம்பில் உட்கார்ந்து, அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் போய் 'தப்பு' என்று எப்படிச் சொல்வது?

ஆனால் தாளில் இருந்தது இதுதான்:

அடுப்படி – 2 அடி.

வாசல் – 1 அடி.

கூடம் – 3 அடி. ஞாயிற்றுக்கிழமை 7 அடி.

மாடிப்படிக்குக் கீழே – அடி இல்லை.

டீச்சருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மூன்று அடிக் கூடத்தில் ஒரு பூனை படுத்தாலே இடம் சரியாகிவிடும். அதெப்படி ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீளும்? விருந்தாளி வருகிறார்கள் என்று சாமான்களை ஒதுக்கிவைப்பார்களோ? சரி, அப்படியே இருக்கட்டும். மாடிப்படிக்குக் கீழே அடியே இல்லை என்றால்? எலி வளைக்குக்கூட அரை அடி உண்டே!

முன்பெஞ்சு வாயாடி எட்டிப் பார்த்துவிட்டாள்.

"டீச்சர், இவ வீடு ரப்பர் வீடு டீச்சர்! இழுத்தா நீளும்!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. பொடிசும் சேர்ந்து சிரித்தாள். எதற்கென்று அவளுக்கும் தெரியவில்லை.

இந்த அடி விவகாரம் போன வாரமே ஆரம்பித்தது. பிள்ளைகள் அவரவர் பாதத்தால் அடிமேல் அடி வைத்து வகுப்பறையை அளந்தார்கள். வாயாடிக்கு முப்பத்தாறு அடி வந்தது. நெட்டையனுக்கு இருபத்தெட்டுதான். யார் சொல்வது சரி என்று பெரிய பஞ்சாயத்து. அதனால் திங்கட்கிழமை டீச்சர் எல்லோருக்கும் ஒரே அளவில் அட்டை வெட்டிக் கொடுத்தார். இதுதான் ஓர் அடி, இனிமேல் சண்டை கிடையாது.

மறுநாள் கரும்பலகையில் எழுதிப்போட்டார்: 'உங்கள் வீட்டில் எங்கெங்கே எத்தனை அடி? கற்பனை வேண்டாம். உண்மையாக எழுதி வரவும்.'

டீச்சர் சட்டென்று நெற்றியில் தட்டிக்கொண்டார்.

வகுப்பை அளந்த அன்றைக்கும் திங்கட்கிழமையும் பொடிசு வரவேயில்லையே! காய்ச்சல் என்று அப்பா போன் செய்திருந்தார். அட்டையே கைக்குப் போகாத பிள்ளை, பாவம், எதை வைத்து அளக்கும்?

மனம் லேசாயிற்று. மேசையிலிருந்து மிச்ச அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு பொடிசின் பெஞ்சுக்குப் போனார்.

"மாடிப்படிக்குக் கீழ ஒரு அடிகூடவா இல்ல, கண்ணு?"

"ஒண்ணுகூட இல்ல டீச்சர்." பொடிசின் முகம் மலர்ந்தது. விடை தெரிந்த கேள்வி. "அங்க அப்பாவால நுழைய முடியாது."

அவ்வளவு குறுகலான இடம் போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

"சரி, விடு. எல்லாரும் வாங்கியாச்சு, நீ மட்டும்தான் பாக்கி." சிரித்துக்கொண்டே அட்டையை உயர்த்தினார். "இந்தா, உனக்கும் ஒரு அடி. வாங்கிக்க."

பொடிசு எழுந்தாள்.

முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாய், மெதுவாகத் திரும்பி முதுகைக் காட்டி நின்றாள்.

டீச்சரின் கை அப்படியே நின்றுவிட்டது.

இன்னொரு கையில் இருந்த தாளை மறுபடி படித்தார். அடுப்படி. வாசல். கூடம். ஞாயிற்றுக்கிழமை.

ஒரு வரிகூடத் தப்பில்லை.

அட்டையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, மூடிய கண் திறக்கும்வரை பக்கத்திலேயே மண்டியிட்டுக் காத்திருந்தார். அப்புறம் தாளை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தார். பொடிசு அதைப் பார்த்துவிட்டாள்.

"தப்பா டீச்சர்? உண்மையாத்தான் எழுதினேன்."

"தப்பே இல்லடா தங்கம்" என்று டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் பெற்றோர் வந்து சார்ட்டைப் பார்த்தார்கள், பாராட்டினார்கள். ஒரு கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று ஒருவர் மட்டும் கேட்டார். பொடிசின் அப்பாதான். பிள்ளை எங்கே என்றும் கேட்டார்.

பிள்ளை தலைமையாசிரியை அறையில், டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தலைமையாசிரியை யாரிடமோ போனில் அந்தத் தாளை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான் கதை. டீயைக் குடியுங்கள்.

உங்கள் வீடு நன்றாயிருக்கட்டும், கண்ணுகளே. அறைக்கு அறை அடி கூடட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு மட்டும், எந்த மூலையிலும், ஒன்றுகூட இல்லாதிருக்கட்டும்.