வாளா, வாலா?

"இந்த வாலை எடுத்துக்கொள், பேத்தி!"

"கட்!" கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து டைரக்டர் கத்தினாரு. "சார், அது வாள். சண்டை போடுற வாள். நீங்க சொல்றது பின்னாடி ஆட்டுற வால். நீங்க கோட்டைக்கே பிரபு சார், குரங்கு இல்ல!"

"மன்னிச்சுக்கங்க தம்பி. நாக்கு புரண்டுடுச்சு."

வீடியோ கேமுக்குக் குரல் பதிவு. மந்திரம், டிராகன், கோட்டைன்னு போற கதை. அதுல வர்ற தாத்தா பரம உத்தமரு. டிராகன் கோட்டையை வளைச்சுக்கும். தாத்தா தன்னோட வாளைப் பேத்தி கையில குடுத்துட்டு, அவ தப்பிச்சுப் போற வரைக்கும் வாசல்ல தனியா நிப்பாரு. மூணே வரி வசனம்.

குரல் குடுக்க வந்தவருக்கு 'இடி'ன்னு பட்டப்பேரு. வாயைத் திறந்தா ஒரே டேக்தான். இன்னிக்கு என்னமோ மனுஷனுக்கு இருப்பே கொள்ளல. தண்ணி கேட்டாரு. மூக்குக் கண்ணாடியைத் துடைச்சாரு. உட்கார்ந்தாரு, எந்திரிச்சாரு. கதவையே கதவையே பார்த்தாரு.

டைரக்டரோ கால்ல வெந்நீர் ஊத்திக்கிட்ட மாதிரி நிக்கிறாரு. மத்தியானத்துக்கு மேல ஸ்டூடியோ வேற ஆளுக்கு. லேட்டுன்னா அவருக்கு ஆகாது. நேத்து டிராகனுக்கு உறுமுறவரு லேட்டா வந்தாருன்னு வாசலோட திருப்பி அனுப்பிட்டு, வாட்ச்மேனை உள்ள கூப்பிட்டு உறும வெச்சுட்டாரு.

"அடுத்த டேக். ரெடி!"

"இந்த வாளை எடுத்துக்கொள், பேதி!"

சவுண்டுக்காரர் மேஜைக்கடியில குனிஞ்சு சிரிச்சாரு.

"பேதியா? டிராகனைப் பார்த்தா வர வேண்டியது, எனக்கு இப்பவே வந்துடும் போலிருக்கு! பேத்தி! பே... த்... தி!"

"பேத்தி. புரிஞ்சுது தம்பி. ஒரு நிமிஷம், பாத்ரூம் போயிட்டு..."

"இப்பத்தானே போனீங்க?"

"வயசாகுதுல்ல."

போயிட்டு ஆடி அசைஞ்சு வந்தாரு. இந்தத் தடவை வாளு சரியா வந்துச்சு, பேத்தி சரியா வந்தா, 'நீ வாழ வேண்டியவள்'கூட வந்துச்சு. டைரக்டர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

"வாசலை நான்... பெருக்கிக்கொள்கிறேன்."

"டிராகன் நெருப்பைக் கக்கிக்கிட்டு வருது, பெருசு வாசல் பெருக்குதாம்!" டைரக்டர் தலையில அடிச்சுக்கிட்டாரு.

"ராத்திரி ஊத்திக்கிட்டது இன்னும் இறங்கல போல," சவுண்டுக்காரர் முணுமுணுத்தாரு.

"கழண்டுடுச்சுய்யா. சரி, இவரு தேறுற வரைக்கும் பேத்தி வசனத்தை எடுத்துடலாம். அந்தப் பொண்ணு வந்தாச்சா பாரு..."

"தம்பி, தம்பி! இப்ப வந்துடுச்சு, நாக்கு நுனியில நிக்குது, எடுங்க!" இடி பதறிப்போய் மைக்கைப் பிடிச்சாரு. "இந்த வாயை எடுத்துக்கொள்..."

"யோவ் பெருசு!" ஹெட்போன் மேஜையில விழுந்துச்சு. "இதான் கடைசி. இன்னொரு தப்பு வந்துச்சு, உனக்கு இந்தக் கேம்லயும் வேலை இல்ல, இனி எந்தக் கேம்லயும் வேலை இல்ல!"

இடி நெத்தி வேர்வையைத் துடைச்சாரு. மறுபடியும் கதவைப் பார்த்தாரு. தொண்டையைச் செருமினாரு.

"இந்த வாலை..."

"போதும்!" டைரக்டர் போனை எடுத்துக்கிட்டு முதுகைக் காட்டி நின்னாரு. "ஹலோ, கிழவன் குரல் ஒண்ணு உடனே வேணும். தெளிவா பேசினா போதும், யாரா இருந்தாலும் பரவால்ல..."

அந்த நேரம் பார்த்து, பேத்திக்குக் குரல் குடுக்குற பொண்ணு உள்ள வந்து பக்கத்து மைக் முன்னால உட்கார்ந்துச்சு.

இடி நிமிர்ந்தாரு.

"இந்த வாளை எடுத்துக்கொள், பேத்தி. நீ வாழ வேண்டியவள். வாசலை நான் பார்த்துக்கொள்கிறேன்."

சவுண்டுக்காரருக்குக் கைமுடி எந்திரிச்சு நின்னுச்சு. டைரக்டர் போனைக் கட் பண்ணிட்டாரு.

"இதைக் காலையிலேயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னய்யா?" அப்புறம்தான் பொண்ணைப் பார்த்தாரு. "நீ எப்பம்மா வந்தே?"

பொண்ணு வாயைத் திறக்குறதுக்குள்ள இடி முந்திக்கிட்டாரு. "அது அப்பவே வந்துடுச்சு தம்பி. என்னாலதான் பாவம், காத்துக்கிட்டுக் கிடக்கு."

"பார்த்துக் கத்துக்கய்யா! கைக்குழந்தைக்காரி, அதுவே டாண்ணு வந்து உட்கார்ந்திருக்கு. உனக்கென்ன கேடு?"

இடி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. டைரக்டர் அடுத்த பக்கத்தைப் புரட்ட ஆரம்பிச்சதும், மைக்கைக் கையால பொத்திக்கிட்டு அந்தப் பொண்ணு பக்கம் சாஞ்சாரு.

"கொழந்தைக்குக் காய்ச்சல் விட்டுச்சாம்மா? இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்துல இருந்துட்டு வர்றதுதானே? கைவசம் இன்னும் நாலு தப்பு வெச்சிருந்தேன்."