பழனியில நிக்கிறவரு

"புருஷன் பேரு என்னம்மா?"

மருதம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "அத எப்படிங்க என் வாயால சொல்றது?"

போச்சுடா என்று நினைத்துக்கொண்டார் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி பக்கிரிசாமி. காலையிலிருந்து புருஷன் பேரைச் சொல்ல மறுப்பதில் இவள் எட்டாவது ஆள். பாடாங் செராய் ஆபீஸ் வாசலில் வரிசை சாலை வரைக்கும் நிற்கிறது. வெள்ளத்தில் மரவள்ளிக் கொல்லை போனவர்களுக்கு ஜப்பான் சர்க்கார் மூன்று மாதத்துக்கு, மாதாமாதம் அரிசியும் உப்பும் தருகிறது. கொல்லைக்காரன் நேரில் வரவேண்டும். அவன் சயாமுக்கு ரயில் பாதை போடப் போயிருந்தால் பெண்டாட்டி வரலாம். வேறு யார் வந்தாலும் கிடையாது. பொய் சொல்லி வாங்கினால் உள்ளே இருக்கும் ஜப்பான் துரை கன்னத்தைப் பழுக்க வைத்துவிடுவார், எழுதிக் கொடுத்த கிராணிக்கும் சேர்த்து.

"பேரு இல்லாம நான் எதை எழுதுறது? சொல்லுங்கலா. சாமி ஒண்ணும் கண்ணைக் குத்தாது."

"வேணாங்க. சயாம்ல எந்த நெலைமையில இருக்காரோ. நான் பேரைச் சொல்லப்போயி ஏதாவது ஆயிடுச்சுன்னா? வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. மூணு நாளா வெறும் கீரைத் தண்ணிதாங்க."

பக்கிரிசாமிக்கு மனசு கேட்கவில்லை. அவர் சம்சாரமும் இப்படித்தான். பதினாறு வருஷக் குடித்தனத்தை "இங்க பாருங்க" என்று கூப்பிட்டே ஓட்டிவிட்டாள் மகராசி.

"சரி, ஜாடையாச் சொல்லுங்க."

"பழனியில நிக்கிறவரு."

"தண்டபாணியா?"

"கையில வச்சிருக்காரே, அதுங்க."

"வேலா? வேலாயுதமா?"

"இல்லீங்க, ரொம்பச் சின்னப் பிள்ளைங்க."

வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பக்கிரிசாமி பட்டியலில் விரலை ஓட்டினார்.

"குழந்தைவேலு. ஊரு பாடாங் மேஹா. சரிதானே?"

மருதம்மாள் வெட்கத்தோடு தலையாட்டினாள்.

கைநாட்டு வாங்கிக்கொண்டு அரிசியை அளந்து போடச் சொன்னார். இந்தக் கேடுகெட்ட காலத்திலும் புருஷன் மேல் இப்படி உயிரை வைத்திருக்கிறாளே என்று அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அவள் போன பிறகுதான் பார்த்தார், உப்புப் பொட்டலம் மேசை மேலேயே கிடந்தது. இன்றைய தேதிக்கு உப்பு என்ன லேசில் கிடைக்கிறதா? எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

சாலையோர மரத்தடியில் எலும்பும் தோலுமாய் இரண்டு சின்னப் பெண்கள் அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். மருதம்மாள் அவர்கள் பக்கம் குனிந்திருந்தாள்.

"இவ்ளோ அரிசியும் யாரு குடுத்தா அத்தை?" என்று கேட்டது சின்னது.

"உங்கப்பா குழந்தைவேலு பேருக்கு வந்தது கண்ணு. உங்கம்மாவை வெள்ளம் கொண்டு போகாம இருந்திருந்தா அவதான் வந்து வாங்கியிருப்பா. பக்கத்து வீட்டுக்காரின்னு போயி நின்னா எனக்கு யாரு குடுப்பா?"

நிமிர்ந்தவள் கிராணியைப் பார்த்துவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு பிள்ளைகளையும் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

பக்கிரிசாமி ஒரு தடவை ஆபீஸ் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உப்புப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தார்.

"அடுத்த மாசமும் வாங்கம்மா," என்றார் குரலைத் தாழ்த்தி. "உள்ள வந்து அவரு பேரை மட்டும் சொல்லிடாதீங்க."