பொய்க் கோளின் காற்று

தூரத்துக் கோள்களின் காற்றில் என்னென்ன இருக்கிறது என்று நட்சத்திர ஒளியை வைத்துக் கணிப்பது சத்தியபிரியாவின் நிரல். அது சரியாகக் கணிக்கிறதா என்று பார்க்க, நாயுடுபுரம் வீட்டில் உட்கார்ந்து கணினியில் ஒரு பொய்க் கோளை உண்டாக்கினாள். அதன் காற்றில் நீராவியும் மீத்தேனும் மட்டும் வைத்தாள்.

நிரல் மூன்றாவதாக ஒன்றையும் சொன்னது: கார்பன் மோனாக்சைடு.

கணிப்புக்கு நிரல் எடுத்துக்கொள்ளும் தற்செயல் எண்களை மாற்றி மறுபடி ஓட்டினாள். அளவு கூடியது. ஒவ்வொரு ஓட்டத்திலும் கூடிக்கொண்டே போனது.

"குளிரு தாங்கல. சன்னலெல்லாம் சாத்திக் கரி அடுப்பு போட்டிருக்கேன். வெரசா வாம்மா, தேத்தண்ணி ஆறுது," என்றார் பக்கத்து அறையிலிருந்து அப்பா அருள்தாஸ்.

"இந்தச் சோலிய முடிச்சிட்டு வாரேன்ப்பா."

நான்கு மணி நேரம் பிழையைத் தேடினாள். அகப்படவில்லை. கடைசியில், அந்த வாயு இருக்க வாய்ப்பே இல்லை என்று நிரலுக்கு முன்கூட்டியே விதித்துவிட்டாள். விடை சுத்தமாக வந்தது.

அப்பாவிடம் சொல்லப் போனாள். சன்னல் இடுக்குகளில் துணி செருகியிருந்தது. இரண்டு டம்ளர்களிலும் தேத்தண்ணி அப்படியே இருந்தது. மூடிய அறையில் கரி கக்கிய கார்பன் மோனாக்சைடு என்றார் டாக்டர்.

அப்பாவின் அடக்கம் முடிந்த மறுநாள், அந்த விதியை நீக்கிவிட்டு நிரலை ஓட்டினாள். நீராவி, மீத்தேன். மறுபடி ஓட்டினாள். வேறொன்றும் இல்லை. பத்தாவது முறையும், மூன்றாவது வரி வந்துவிடாதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.