கடல்ராஜா வீட்டுக் குழாய்

"அந்த டம்ளரைக் கொடு. அது தொட்டிக்கு வேணும்."

ஸ்டோர் ரூமில், சுவரோரமிருந்த வெள்ளைக் குழாய்க்கு அடியில் மனைவி டம்ளரைப் பிடித்திருந்தாள். பாதிகூட நிறையவில்லை. கணவர் அதை வாங்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் நீல டிரம்மில் ஊற்றி மூடினார்.

"பாப்பாவுக்குத்தாங்க. ராத்திரி பூரா வயித்து வலின்னு அழுதா. தண்ணியை மாத்திப் பாருங்கன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"டாக்டருக்கு ஒண்ணும் புரியலேன்னா தண்ணி மேல பழியைப் போடுவாரு. நீயும் நம்பு."

ஹாலில் அந்தப் பெரிய கண்ணாடித் தொட்டி வந்து இறங்கிய நாளிலிருந்து, அவருடைய அப்பா மகனைக் கடல்ராஜா என்றுதான் கூப்பிடுகிறார். கேலிதான். ஆனால் ராஜாவுக்கு அதில் உள்ளூரப் பெருமை. தொட்டியில் கடல் தண்ணீர், அதில் ஆரஞ்சு நிற மீன்கள், ஒரு பாறை நிறையப் பவளம். இவ்வளவையும் காப்பாற்றுவதற்குத்தான் ஸ்டோர் ரூம் சுவரில் அந்த ஃபில்டர். வீட்டுக் குழாய்த் தண்ணீர் பஞ்சு, கரி, சவ்வு, ரெசின் என்று படிப்படியாக நுழைந்து புறப்பட்டுச் சொட்டுச் சொட்டாக வெளியே வரும். பேனா போன்ற ஒரு மீட்டரை அதில் முக்குவார். பூஜ்யம் காட்டினால் முகம் மலரும். ஒன்று காட்டினால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அப்படிச் சலித்தெடுத்த தண்ணீரில் பிறகு பாக்கெட் உப்பைக் கொட்டிக் கலக்குவார்.

"இருக்கிற உப்பை எடுத்துட்டு, கடையில உப்பு வாங்கிப் போடறான். கேட்டா விஞ்ஞானமாம்" என்பார் அப்பா.

வினை பஞ்சு ஃபில்டரில்தான் ஆரம்பித்தது. வெள்ளைவெளேரென்று மாட்டியது, கழற்றும்போது சேற்றில் புரண்டு எழுந்த மாதிரி இருந்தது. அதை மனைவிக்குப் பரிசுக் கோப்பையைப் போலத் தூக்கிக் காட்டினார். துரு, செம்பு, குளோரின், இன்னும் வாயில் நுழையாத எத்தனையோ அழுக்கு நம் குழாயில் வருகிறது, நேராக விட்டால் பவளம் வெளுத்துச் செத்துவிடும் என்று பாடம் நடத்தினார்.

"இதையா பாப்பா குடிக்கிறா?"

"மனுஷ உடம்பு தாங்கும். பவளம் பாவம், தாங்காது."

அன்றிலிருந்து அவள் கேட்காத விதம் இல்லை. ஃபில்டரிலிருந்து சமையலறைக்கு ஒரு கிளைக் குழாய் போடச் சொன்னாள். சவ்வு சீக்கிரம் கெட்டுவிடும் என்றார். குடிக்கிறதுக்குத் தனியாக ஒரு ஃபில்டர் வாங்கலாம் என்றாள். அந்தப் பேச்சே கூடாது என்றார். கேன் தண்ணீராவது வாங்கிக்கொடுங்கள் என்று கெஞ்சினாள். கேன் படியேறினால் தெருவே பார்க்கும், மானம் போகும் என்றார். கடைசியில் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். அதற்கும், கொதிக்கவைத்தால் கிருமி சாகும், துரு சாகுமா என்று அவரே சிரித்தார். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"நல்ல தண்ணி குடிச்சாப் போற மானம், அது என்ன மானம்டா?" என்று அப்பா கேட்டதும் கடல்ராஜா மீட்டரை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

குழந்தை பள்ளிக்கூடம் போய் ஒரு வாரமாகிறது. கன்னம் ஒட்டிப்போய்க் கட்டிலில் சுருண்டு கிடந்தாள்.

"சரி, சண்டை போட இது நேரமில்லை. டிவிக்காரங்க வந்துடுவாங்க. பாப்பாவை எழுப்பி மஞ்சள் கவுனைப் போட்டுவிடு. ஸ்டோர் ரூமைச் சாத்திடு. குப்பையாக் கிடக்கு, கேமராவுக்கு ஆகாது."

"உடம்பு முடியாத பிள்ளைடா. அவ எதுக்கு?" என்றார் அப்பா.

"அவ நின்னாத்தான்பா நல்லாருக்கும்."

நிருபராக ஓர் இளம்பெண்ணும் கேமராக்காரரும் வந்தார்கள். நேரலைதான், உளறினால் வெட்ட முடியாது என்று கேமராக்காரர் முதலிலேயே சொல்லிவைத்தார். தனக்கு உளறிப் பழக்கமில்லை என்று கடல்ராஜா தலையை வாரிக்கொண்டார். கேமரா நேரே தொட்டிக்குத்தான் போனது. யார் வீட்டு மீன் என்று தெரியாமல் மீன்களும் நன்றாகவே வாலாட்டின. மீன்கள் இவ்வளவு பளபளப்பாக இருக்கின்றனவே என்று அந்தப் பெண் வியந்தாள். தண்ணீர் நன்றாயிருந்தால் எந்த உயிருக்கும் குறை வராது என்று அவர் தொட்டியைத் தடவிக்கொடுத்தார். அப்பாவுக்குப் புரையேறிவிட்டது.

பிறகு கடல்ராஜாவே எல்லோரையும் சமையலறைக்கு அழைத்துப் போனார். கேமரா பார்க்கக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து, மகள் கையில் கொடுத்தார்.

"குடி கண்ணு. எப்பவும் குடிக்கிறதுதானே?"

குழந்தை டம்ளரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். வாயருகே கொண்டுபோவதற்குள் அம்மா வந்து டம்ளரை வாங்கித் தொட்டியில் கொட்டப்போகிறவள் போல ஹால் பக்கம் ஓரடி வைத்தாள். கடல்ராஜா பாய்ந்து அவள் கையைப் பிடித்தார்.

ஏதோ விளையாட்டு என்று நினைத்து நிருபர் சிரித்தபடி மைக்கை அவளிடம் நீட்டினாள். "குழாய்த் தண்ணியைப் பத்தி ஊரே புகார் சொல்லுது. ஆனா எங்க வீட்டுல குடிக்கிறதுக்கு ஃபில்டரே கிடையாது, என் பொண்ணே குழாய்லதான் குடிக்கிறான்னு குடிநீர் வாரியத் தலைமைப் பொறியாளரான உங்க வீட்டுக்காரர் சொல்றாரு. நிஜமாங்க?"

"சத்தியமான வார்த்தைங்க" என்றாள் மனைவி. "இந்தத் தண்ணியை அப்படியே விட்டா மீன் செத்துடும்னு, அதுக்கு மட்டும்தான் ஃபில்டர் வெச்சிருக்காரு."